எலியின் பாதத்தில் வற்றிய வீக்கம் நம் முழங்காலிலும் வற்றுமா? மூட்டுவலி மூலிகைகளும் ஆய்வுக்கூடச் சோதனைகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்போம். ஓரங்களிலும் பின் வரிசையிலும் போடப்படும் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. தரையில் அமர்ந்து எழ முடியாதவர்கள், ஸுஜூதுக்குக் குனிய முடியாதவர்கள், தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் நின்றே வேலை பார்த்து முழங்கால் தேய்ந்தவர்கள் அவற்றில் அமர்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் தாய்மார்களின் நிலையும் இதுதான். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை, மாவு பிசைய முடிவதில்லை என்று சொல்லாத வீடு குறைவு.

இந்த வலிக்கு நம் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது கைவைத்தியம். சந்தையில் ஒரு கட்டு முடக்கத்தான் வாங்கி மாவோடு அரைத்துத் தோசை வார்ப்போம். நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுப்போம். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் அமுக்கரா, சீந்தில், குங்கிலியம் என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். யூனானி ஹகீமிடம் போனால் சூரஞ்சான் சேர்ந்த மஃஜூன் கொடுப்பார்.

இப்போது இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களும், பாட்டிலின் மேல் ஒட்டிய தாளும் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று சொல்கின்றன. எந்த ஆய்வு, யார் மீது நடந்தது, என்ன நிரூபணம் ஆனது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒரு வெள்ளை எலியின் பின்னங்காலில் போய் முடியும். அந்தச் சொல்லை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே அந்த எலிச் சோதனை எப்படி நடக்கிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

மூட்டுவலி ஒரே நோய் அல்ல

முதலில் ஒரு அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் பொதுவாக "மூட்டுவலி", "வாதம்" என்று சொல்வதற்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் மூன்று முக்கியமானவை.

ஒன்று, மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு வயது, உடல் எடை, பழைய காயம், கடின உழைப்பு ஆகியவற்றால் கெட்டுப்போவது. முழங்காலில்தான் அதிகம் வரும். நடந்தால், படி ஏறினால் வலிக்கும். ஓய்வெடுத்தால் குறையும்.

இரண்டு, முடக்குவாதம். நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், திசை மாறி நம் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குவது. கை விரல்கள், மணிக்கட்டு என்று இருபுறமும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் இறுகிப்போய் நெடுநேரம் நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். சரியான சிகிச்சை இல்லாவிட்டால் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும்.

மூன்று, கீல்வாதம் என்று சொல்லப்படும் யூரிக் அமில மூட்டுவலி. இரத்தத்தில் கூடிய யூரிக் அமிலம் மூட்டுக்குள் படிகமாகப் படிவதால், திடீரென்று, பெரும்பாலும் கால் பெருவிரலில், தாங்க முடியாத வலி வரும்.

யூனானியில் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக "வஜஉல் மஃபாஸில்" என்று பெயர். சித்த மருத்துவத்தில் வாத நோய்கள் என்ற பெரிய தலைப்புக்குள் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாக இருக்கும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

எலியின் மீது சோதனை எப்படி நடக்கிறது?

சென்னையைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளும் பார்மசி கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. பார்மசி மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடுகளில், ஏதாவது ஒரு மூலிகைச் சாறு மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறதா என்பது அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் தலைப்பு. முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இலையையோ வேரையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, தண்ணீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்துச் சாறு எடுத்து, திரவத்தை ஆவியாக்கி, அடியில் மிஞ்சும் பசையை எடுத்துக்கொள்வார்கள். முதலில் அது நஞ்சா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட வழிமுறை இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்து, எலிகள் நலமாக இருக்கின்றனவா என்று 14 நாள் கவனிப்பார்கள்.

அடுத்தது வீக்கம். இதற்கு இரண்டு முறைகள் அதிகம் பயன்படுகின்றன. முதல் முறையில், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஊசி மூலம் செலுத்துவார்கள். சில மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும். 1962இல் அறிமுகமான முறை இது. இது ஒரு நாள் வீக்கம் மட்டுமே, மூட்டு நோய் அல்ல.

இரண்டாவது முறை கடுமையானது. இறந்த காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் கலந்த, "ஃப்ராய்ண்ட்ஸ் அட்ஜுவன்ட்" எனப்படும் கலவையைப் பாதத்தில் செலுத்துவார்கள். அந்தக் கால் உடனே வீங்கும். சுமார் 10 முதல் 14 நாட்களுக்குள், ஊசி போடாத மற்றக் கால்களின் மூட்டுகளும் வீங்கத் தொடங்கும். எலியின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அதன் மூட்டுகளைத் தாக்குகிறது என்பதற்கு இது அடையாளம். 1950களில் கண்டறியப்பட்ட இந்த முறை, மனிதனின் முடக்குவாதத்துக்கு ஓரளவு நெருக்கமானது என்பதால் இன்றும் பயன்படுகிறது.

எலிகளைப் பொதுவாக ஆறு ஆறாகப் பிரிப்பார்கள். ஒரு குழு நலமானது. ஒரு குழுவுக்கு நோய் உண்டு, மருந்து இல்லை. ஒரு குழுவுக்கு டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் போன்ற தெரிந்த மருந்து. மற்றக் குழுக்களுக்கு மூலிகைச் சாறு, குறைந்த அளவிலும் கூடிய அளவிலும். பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தி, அது எவ்வளவு திரவத்தை விலக்குகிறது என்று அளந்து வீக்கத்தைக் கணக்கிடுவார்கள். மூன்று நான்கு வாரங்கள் கழித்து இரத்தத்தைச் சோதிப்பார்கள். பிறகு எலிகளைக் கொன்று மூட்டின் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இந்தக் கடைசிப் பகுதியைப் பாட்டிலின் மேல் யாரும் எழுதுவதில்லை. ஆனால் நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

தரமணியில் சோதிக்கப்பட்ட சேங்கொட்டை

நம் ஊரிலேயே நடந்த ஒரு நல்ல உதாரணம் உண்டு. சேங்கொட்டை என்றும் சேராங்கொட்டை என்றும் சொல்லப்படும் கொட்டையை முன்பு துணி வெளுப்பவர்கள் துணியில் அடையாளக் குறி போடப் பயன்படுத்தினார்கள். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். யூனானியில் இதற்கு "பலாதுர்" என்று பெயர். இவ்வளவு வீரியமான கொட்டையைச் சித்த மருத்துவர்கள் பாலிலும் நெய்யிலும் காய்ச்சிப் பக்குவப்படுத்தி, சேங்கொட்டை நெய்யாக மூட்டு நோய்களுக்குக் கொடுத்து வந்தார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 1990களில் இந்தப் பால்சாற்றை எடுத்து, அட்ஜுவன்ட் முறையில் நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பல அளவுகளைச் சோதித்ததில், உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்ற அளவில் வீக்கம் குறைந்தது. அடுத்த பத்தாண்டிலும் அந்த ஆய்வுகள் தொடர்ந்தன. அமுக்கரா வேரும் அங்கே இதே போல் எலிகளில் சோதிக்கப்பட்டது. திரிபலாவை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள்.

இவை ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள். நம் முன்னோர் பயன்படுத்திய மருந்தில் ஏதோ ஒரு ஆற்றல் இருக்கிறது என்று இவை காட்டுகின்றன. அதை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் சேங்கொட்டை, இந்திய மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப் பொருட்கள் பட்டியலில் இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை மருத்துவர் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும் என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். எலிக்கு நல்லது செய்ததே என்று வீட்டில் காய்ச்சிக் குடிக்கக்கூடிய பொருள் அல்ல அது.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் எத்தனை தடங்கல்கள்?

முதல் தடங்கல், நோய் வேறு. அட்ஜுவன்ட் எலிக்கு இருப்பது நோய் எதிர்ப்பு ஆற்றலால் வந்த வீக்கம். நம் வாப்பாவின் முழங்காலில் இருப்பது பெரும்பாலும் தேய்மானம். ஒன்றில் பலன் தந்தது மற்றொன்றில் பலன் தரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, காலம் வேறு. பல ஆய்வுகளில் எலிக்கு ஊசி போட்ட அன்றே, சில சமயம் அதற்கு முன்பே, மூலிகை கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வரப்போகும் வீக்கத்தைத் தடுப்பது வேறு, பத்து ஆண்டாக இருக்கும் நோயைக் குறைப்பது வேறு. நோய் முழுதாக வெளிப்பட்ட பிறகு மருந்து தொடங்கிய ஆய்வுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, உடல் வேறு. அங்கே இருப்பது சில வார வயதுடைய, வேறு நோய் எதுவும் இல்லாத எலி. இங்கே இருப்பவர் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கும் 58 வயதுத் தாயார்.

நான்காவது, அளவு வேறு. எலிக்குக் கொடுத்த அளவை மனிதனுக்கு மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எலியின் அளவை 6.2ஆல் வகுக்க வேண்டும். ஒரு கீரையின் சாறு எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 6.2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 32 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 1.9 கிராம் சாறு. நூறு கிராம் காய்ந்த இலையிலிருந்து பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்றால், ஒரு நாளைக்கு 19 கிராம் காய்ந்த இலை தேவை. பச்சை இலையாக என்றால் இன்னும் பல மடங்கு. இது கணக்கைப் புரிந்துகொள்ள மட்டுமே, யாரும் மருந்தளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் இலைப்பொடியை வைத்துவிட்டு, எலி ஆய்வைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது என்பது இதிலிருந்து தெரியும்.

ஐந்தாவது, பக்குவம் வேறு. எத்தனாலில் கரையும் சத்துகள் எல்லாம் தண்ணீரில் கரைவதில்லை. எத்தனால் சாற்றில் கிடைத்த முடிவை நம் வீட்டு முடக்கத்தான் ரசத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

லண்டனில் 2006ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் இதையெல்லாம் உலகுக்கே உணர்த்தியது. முடக்குவாதத்துக்கும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படும் என்று உருவாக்கப்பட்ட டிஜிஎன்1412 என்ற நவீன மருந்து, குரங்குகளுக்குக் கொடுத்தபோது தீங்கு செய்யவில்லை. குரங்குக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் நலமாக இருந்த ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கி, தீவிர சிகிச்சையில் உயிர் பிழைத்தார்கள்.

அதே நேரத்தில், விலங்குச் சோதனையே வீண் என்று சொல்வதும் நியாயமாகாது. முடக்குவாத சிகிச்சையை மாற்றியமைத்த டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள், சுண்டெலிகளின் மூட்டு வீக்கத்தைக் குறைத்ததைப் பார்த்த பிறகுதான், 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. இன்று உலகெங்கும் எத்தனையோ பேர் அவற்றால் எழுந்து நடக்கிறார்கள். எலிச் சோதனை ஒரு வாசல். அதைத் தாண்டி உள்ளே வந்த மருந்துகளும் உண்டு, வாசலிலேயே நின்றுவிட்ட மருந்துகளும் நிறைய உண்டு.

இப்னு சீனா வைத்த நிபந்தனை

இந்த எச்சரிக்கை நமக்குப் புதியதல்ல. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா எழுதி முடித்த "அல்கானூன்" என்ற மருத்துவ நூலின் இரண்டாம் பாகத்தில், தனி மருந்துகளைச் சோதிப்பதற்கான விதிகளை அவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். மருந்து கலப்படமற்றதாக இருக்க வேண்டும், ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும், பலன் ஒரு முறை தற்செயலாக வந்ததா அல்லது திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லும் அவர், கடைசியாக மனித உடலிலும் சோதிக்க வேண்டும் என்கிறார். சிங்கத்திடமோ குதிரையிடமோ ஒரு மருந்து காட்டும் விளைவு மனிதனிடமும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பது அவர் தரும் காரணம்.

அவருக்கு முன் வாழ்ந்த அர்ராஸி, பாதரசத்தைக் குரங்குக்குக் கொடுத்து அதன் விளைவைக் கவனித்து எழுதியவர். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை கொடுத்து, மற்றொரு பகுதியினருக்குக் கொடுக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டவரும் அவரே. யூனானி மருத்துவத்தை நம் பாரம்பரியம் என்று பெருமையாகச் சொல்லும் நாம், அந்தப் பாரம்பரியத்தில் "சோதித்துப் பார்" என்ற கட்டளையும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

சூரஞ்சானே இதற்கு நல்ல உதாரணம். அந்தக் கிழங்கின் குடும்பத்திலிருந்து கோல்சிசின் என்ற வேதிப்பொருள் 1820இல் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று கீல்வாத வலிக்கு அலோபதி மருத்துவர்கள் எழுதும் மாத்திரை அதுதான். நம் மாநில மலரான செங்காந்தளிலும் அதே கோல்சிசின் இருக்கிறது. அதற்காகவே தமிழ்நாட்டில் பயிரிடப்பட்டு ஏற்றுமதி ஆகிறது. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இதில் இடைவெளி மிகக் குறைவு. செங்காந்தள் கிழங்கைத் தவறாகத் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற எண்ணத்தை இந்த ஒரு செடியே தகர்த்துவிடும்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எலியைத் தாண்டி மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டவையும் உண்டு. நாக்பூரில் முழங்கால் தேய்மானம் உள்ள 30 பேரிடம், குங்கிலிய வகையான பாஸ்வெல்லியா பிசினின் சாறு சோதிக்கப்பட்டு 2003இல் முடிவு வெளியானது. மருந்து எடுத்தவர்களுக்கு வலி குறைந்து, நடக்கும் தூரம் கூடியது. ஆனால் 30 பேர் என்பது சிறிய எண்ணிக்கை.

கோயம்புத்தூரில் முடக்குவாதம் உள்ள 43 பேரிடம், ஆயுர்வேத மருந்தையும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. பலன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஆயுர்வேதக் குழுவில் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. இது ஒரு முன்னோட்ட ஆய்வுதான், பெரிய அளவில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் தேர்ந்த வைத்தியர் பார்த்து மருந்து கொடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய பொட்டலத்துக்கு இது சான்றாகாது.

புனே ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 440 பேர் பங்கேற்றார்கள். ஆயுர்வேதக் கூட்டு மருந்துகள், குளுக்கோசமைன், செலிகாக்ஸிப் மாத்திரைகளுக்கு இணையாக வேலை செய்தன. ஆனால் ஆயுர்வேத மருந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு இரத்தத்தில் உயர்ந்தது. எலிகளின் மூன்று வார ஆய்வில் தெரியாதது, மனிதர்களின் ஆறு மாத ஆய்வில் தெரிந்தது.

கொரோனா காலத்தில் பலரும் சீந்தில் கஷாயம் குடித்தோம். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. விவாதம் இருக்கட்டும். நீண்ட நாள் மூலிகை எடுப்பவர் இடையிடையே கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வதில் யாருக்கும் நட்டமில்லை.

வாயில்லா ஜீவனின் உரிமை

இங்கே நம்மில் பலருக்கு ஒரு கேள்வி எழும். நம் வலி தீர ஒரு உயிருக்கு வலி கொடுக்கலாமா? பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதையும் நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் இது. மனித உயிரைக் காக்கும் உண்மையான தேவைக்காக, வேறு வழி இல்லாதபோது, வேதனையை இயன்றவரை குறைத்துச் சோதனை செய்யலாம் என்பதே இன்றைய மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. வீண் சோதனைக்கும் வெறும் ஆர்வத்துக்கும் அதில் இடமில்லை.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் அமைந்த மத்தியக் குழுவில் பதிவு செய்யாமல் எந்த நிறுவனமும் விலங்குச் சோதனை நடத்தக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு ஒன்று இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் இத்தனை, வேறு வழி இல்லையா என்று அந்தக் குழு கேட்டு அனுமதித்த பிறகே சோதனை தொடங்கலாம். விலங்குக்குப் பதில் வேறு வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை என்ற மூன்று கொள்கைகளை 1959இல் இரு ஆங்கிலேய அறிஞர்கள் வகுத்தார்கள். இன்று உலகமே அவற்றை ஏற்றிருக்கிறது.

மூட்டுவலிச் சோதனையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. எலிக்கு வலி நிவாரணி கொடுத்தால் வீக்கமும் குறைந்துவிடும், மூலிகையின் பலனை அளக்க முடியாது. அதனால் பல நேரங்களில் அந்த எலி வலியோடுதான் இருக்கிறது. அப்படியிருக்க, ஏற்கெனவே பலமுறை சோதிக்கப்பட்ட மூலிகையையே பட்டத்துக்காக மீண்டும் மீண்டும் எலிகளிடம் சோதிப்பது சரியா என்பது நியாயமான கேள்வி. ஆய்வுப் படிப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைத் தங்கள் பேராசிரியர்களிடம் கேட்கலாம். மனித செல்களை வளர்த்துச் சோதிக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. புதிய மருந்துகளுக்கு விலங்குக்குப் பதிலாக இத்தகைய முறைகளையும் ஏற்க இந்திய அரசு 2023இல் விதியைத் திருத்தியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

விளம்பரத்தைப் பார்த்ததும் ஐந்து கேள்விகள் கேட்போம். எந்த வகை மூட்டுவலிக்கு? எலியிடமா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எத்தனை மாதம்? ஆய்வில் கொடுத்த அதே பொருள், அதே அளவு இந்தப் பாட்டிலில் இருக்கிறதா? கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை செய்து பார்த்தார்களா? பதில் இல்லாவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். வாத நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பழமையான நூல்களில் உள்ளபடி செய்யப்படும் மருந்துக்கு, உரிமம் பெறப் புதிதாக மனித ஆய்வு தேவையில்லை என்பதே நம் நாட்டு விதி. ஆகவே உரிமம் இருப்பது, பலன் நிரூபணமானதற்குச் சான்று அல்ல. ஆனால் உரிம எண், தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி எதுவும் இல்லாத பொடியை வாங்கவே கூடாது. ஒன்றிரண்டு வேளையிலேயே வலி மாயமாக மறைந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். சிலர் அதில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். முகம் ஊதுவதும், சர்க்கரை எகிறுவதும் அதன் அடையாளங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

காலையில் விரல்கள் இறுகி அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், இரு கை மூட்டுகளும் வீங்கினால், கைவைத்தியத்தில் மாதங்களைக் கடத்த வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே. யூனானி, சித்தா பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. ராயபுரத்தில் மத்திய அரசின் யூனானி ஆய்வு நிறுவனமும் உண்டு. பட்டம் பெற்ற மருத்துவர்களிடம் போவோம்.

மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. அது பொதுவாக வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியது, தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூலிகை எடுப்பதை அலோபதி மருத்துவரிடமும், மாத்திரை எடுப்பதை ஹகீமிடமும் மறைக்க வேண்டாம். திட்டுவாரே என்று மறைப்பதால் பாதிக்கப்படுவது நம் கல்லீரல்தான்.

முடக்கத்தான் தோசையை நிறுத்தச் சொல்லவில்லை. உணவின் அளவில் அது நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுவோம். எடையைக் குறைப்பதும், தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் முழங்கால் தேய்மானத்துக்குப் பலன் தருவதாக மனிதர்களிடமே பலமுறை சோதித்து அறியப்பட்டவை. அவற்றுக்குச் செலவும் இல்லை.

நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடுவது நம் கடமை, அறிவோடு தேடுவதும் நம் கடமையே. நம் பெற்றோர்கள் நாற்காலியின் துணையின்றி மீண்டும் ஸுஜூது செய்யும் நலத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக.